ஆறு மணங்கு வெல்லம்

1

போன வாரம் தென்காசியிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே அக்கா மகள் கல்யாணப் படங்கள் நான்கு. கூடவே அத்தான் தம் கைப்பட எழுதிய இரண்டு தாள் கடிதம். கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, அரிசிக்குத்தான் நாலு ஊர் அலைய வேண்டியதாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் குறை ஒன்றும் சொல்லவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தார். கடைசியில் இப்படி முடித்திருந்தார்:

"உன் அக்காள் பந்தியில் எல்லாருக்கும் தன் கையாலேயே பாயசம் ஊற்றினாள். சம்பந்தியம்மாள் எவ்வளவோ சொல்லியும் அவள் ஒரு சொட்டுகூட நாக்கில் வைக்கவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்குக்கூடவா என்று நானும் சத்தம் போட்டுவிட்டேன். பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அவள் பிடிவாதம்தான் உனக்குத் தெரியுமே."

தெரியும். அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகவே தெரியும்.

என் மகள் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. பினாங்கில் பிறந்து இங்கேயே இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறவள். தென்காசியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். வீட்டில் தமிழ் பேசுவாள், பாதி வாக்கியத்தில் அது வேறு எங்காவது போய்விடும்.

"அப்பா, அத்தைக்கு சுகர் சிக்கா?"

"இல்லம்மா."

"அப்ப ஏன் இனிப்பு சாப்பிடல? டயட்டா?"

"ஒரு வேண்டுதல்."

"எத்தனை நாளா?"

"ஏழு வருஷமா."

"செவன் இயர்ஸா! டாக்டர் இனிப்பு சாப்பிடக் கூடாதுன்னு சொன்னது உங்களைத்தானே? நீங்க செவன் டேஸ்கூட இருக்க மாட்டேங்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொன்னதல்ல. கண்ணால் கண்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு மானமே போய்விட்டது.

அதனால்தான் இந்தக் குறிப்பு. வழக்கமாக இந்த ஊர்க் கடற்கரை, திருவிழா, மழை என்று பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறவன் இந்த முறை என் உடம்பைப் பற்றி எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ரப்பர் கிடங்கில் எடைக் கிராணி. குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். ரப்பர் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறும், முள் நின்ற இடத்தை நான் எழுத வேண்டும். மலாயா மலேசியா ஆன பிறகும் எனக்கு அதே தராசு, அதே நாற்காலி. இத்தனை வருஷப் பழக்கத்தில், கட்டு தராசில் ஏறும் முன்பே எடையைச் சொல்லிவிடுவேன். இரண்டு பவுண்டுக்கு மேல் பிசகாது. கிடங்கில் எனக்கு இருக்கிற ஒரே மரியாதை அதுதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல் ஏறும்போது நான் ஒடிசல். அதற்கு முந்தின வருஷம்தான் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்திருந்தேன். அம்மா இல்லாத வீடு. நாற்பது நாள் அக்காதான் பக்கத்தில் இருந்து கஞ்சி ஊற்றினாள். வைத்தியர் கைவிட்ட அன்று, "இவன் பிழைச்சு எந்திரிச்சா இவன் எடைக்கு எடை வெல்லம் போடுதேன்" என்று எங்கள் குலசாமி சாஸ்தாவுக்கு நேர்ந்துகொண்டாள். தராசின் ஒரு தட்டில் ஆளையும் இன்னொரு தட்டில் வெல்லத்தையும் வைத்து, ஆள் இருக்கும் தட்டு மேலே எழும்பும்வரை போடுவது. நான் பிழைத்தேன். ஆனால் அப்போது வீட்டில் வெல்லத்துக்கு வழியில்லை. நேர்த்திக்கடன் அப்படியே நிற்க, நான் கப்பலேறிவிட்டேன்.

இங்கே வந்து பெருக்க ஆரம்பித்தேன். உட்கார்ந்த வேலை. கிடங்கு வாசலில் டீக்கடை வைத்திருப்பவர் கடையநல்லூர்க்காரர். ஊர்ப் பேச்சைக் கேட்கவே ஒரு நாளைக்கு நாலு தடவை போவேன். போனால் டின்பாலைத் தாராளமாக ஊற்றி டீ கொடுப்பார், பரோட்டா கொடுப்பார். ஏழெட்டு வருஷத்தில் சட்டைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து வீட்டுப் பையன்களுக்குப் போய்ச் சேர்ந்தன. கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை உண்டு. அந்தப் படிவத்தில் எடை என்று ஒரு கட்டம். டாக்டர் சீனர், சிரிக்காத மனிதர். நூற்றுத் தொண்ணூறு என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார். "சர்க்கரை ஆரம்பமாகியிருக்கிறது. நாற்பது பவுண்டு இறங்கிவிட்டு வா. அதுவரை 'தகுதி' என்று கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

இறங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள இப்போதும் ஒரு ஆசை இருக்கிறது. ராத்திரிச் சோறு கிடையாது. காலையில் கடற்கரையில் நாலு மைல் நடை. டீக்கடையில் 'கோசோங்' என்பேன். பாலும் வேண்டாம் சீனியும் வேண்டாம் என்று மலாயில் சொல்லும் வார்த்தை அது. கடைக்காரர் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார். "என்ன அண்ணாச்சி, வீட்டுல எதுவும் விசேஷம் இல்லியே? மொகமே வாடிப்போச்சு" என்பார். எட்டு மாதத்தில் நூற்று ஐம்பதுக்கு வந்துவிட்டேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார். அந்த மனிதர்கூட லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

எடை இறங்கியவனுக்கு ஒரு திமிர் வரும். பருத்தவர்களை எல்லாம் சோம்பேறிகள் என்று நினைக்கத் தோன்றும். இறங்குவதற்கு எட்டு மாதம் போதும், இறங்கியதைக் காப்பாற்றுவதற்கு முடிவே கிடையாது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

அந்தத் திமிரில் ஊருக்குக் கடிதம் எழுதினேன்: முதல் லீவில் வருகிறேன், என் எடை இப்போது சரியாக நூற்று ஐம்பது பவுண்டு. அத்தான் பதில் போட்டார். "இளைத்துவிட்டாய் என்று உன் அக்காள் முதலில் அழுதாள். பிறகு மணங்குக்கு இருபத்தைந்து பவுண்டு என்று கணக்குப் போட்டு ஆறு மணங்கு என்றாள். இந்த வருஷம் நம் வயல் கரும்பில் காய்ச்சும் வெல்லத்தில் ஆறு மணங்கை எடுத்து வைக்கிறாளாம். காய்ச்சல் விட்ட அன்றைக்கே போட்டிருந்தால் மூன்று மணங்கில் முடிந்திருக்கும்!"

3

ஆனிக் கடைசியில் ஊர் போய்ச் சேர்ந்தேன். குற்றாலத்தில் சீசன். தென்காசித் தெருக்களில் பகல் முழுக்கச் சாரல். என்னை வாசலில் பார்த்ததும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏலே தம்பி, என்னலே இது கோலம்! அங்கன சோறே போட மாட்டாகளா?"

"நானா இளைச்சதுக்கா. டாக்டர் சொல்லி."

"எந்த டாக்டரு சோறு திங்காதன்னு சொல்லுதான்? உள்ள வா மொதல்ல."

அன்று சொதி. தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கக் கொதிக்க, கூட இஞ்சித் துவையலும் பாயசமும். ஒரு நாள்தானே என்று சாப்பிட்டேன். மறுநாள் அத்தான் அருவிக்குக் கூட்டிப்போனார். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு ஐந்தருவியில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தத் தண்ணீரில் அரை மணி நின்று வெளியே வருகிறவனுக்கு எடுக்கும் பசி இருக்கிறதே, அதற்கு என் சீன டாக்டரிடம் மருந்து கிடையாது. ஓரத்துக் கடைகளில் சுடச்சுட பஜ்ஜி, வழியில் இட்லி, வீட்டில் வந்து மறுபடி சோறு. ஆறு வாரம் இப்படித்தான் போயிற்று.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அத்தனையும் தின்றுகொண்டே நான் உபதேசம் செய்துகொண்டிருந்தேன். எடை இறக்கிய கதையைக் கேட்க அத்தானின் கூட்டாளிகள் வருவார்கள். டாக்டர் கொடுத்த தாளை எடுத்துக் காட்டி, "வாயைக் கட்டணும் அண்ணாச்சி, அவ்வளவுதான் விஷயம்" என்பேன். "மனுசன்னா இப்படில்லா இருக்கணும்" என்று அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் தெரு திரும்பியதும் அக்காவிடம் இரண்டாவது காபி கேட்பேன்.

சமையலறைப் பரண்மேல் ஆறேழு பெரிய பானைகள் இருந்தன. வைக்கோல் அடுக்கி, நடுவில் வெல்ல உருண்டைகள். சாரல் காலத்தில் வெல்லம் கசிந்துவிடும் என்று அக்கா தினமும் அடுப்புப் புகை படுகிறதா என்று பார்ப்பாள், வைக்கோல் மாற்றுவாள். குழந்தைகள் அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது. "சாமி வெல்லம், தொட்டா கையி அழுகிப்போயிரும்" என்று மிரட்டி வைத்திருந்தாள்.

4

ஆவணி முதல் வாரத்தில் நாள் குறித்தார்கள். அதற்கு ஐந்து நாள் முன்பு, திரும்புகிற டிக்கெட் விஷயமாகத் தென்காசி ரயில் நிலையத்துக்குப் போயிருந்தேன். பிளாட்பாரத்தில் காசு போட்டால் எடைச் சீட்டு வரும் யந்திரம் ஒன்று நின்றது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஏறினேன். சீட்டு விழுந்தது. நூற்று அறுபத்தாறு.

பின்பக்கத்தில் குணபலன் அச்சடித்திருந்தது: நீங்கள் வாக்குத் தவறாதவர். சீட்டைக் கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன்.

அன்று சாயங்காலமே அக்கா கேட்டாள். அவளாக வந்து கேட்டாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"தம்பி, கடுதாசில எழுதின எடைதான இப்பமும்? கூடக் கொறைய இருந்தா இப்பமே சொல்லிரு. அத்தான் செங்கோட்டைக்குப் போயி வாங்கியாந்திருவாக. சாமி முன்னால கொறயக் கூடாது பாத்துக்கோ."

அத்தானும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அரை மணிக்கு முன்புதான் அவர்களுக்கு வாயைக் கட்டுவது பற்றிச் சொல்லியிருந்தேன். "அதேதான்க்கா. ஒரு பவுண்டு கூடியிருந்தா உண்டு" என்றேன்.

"நான் எதுக்கும் நாலு உருண்டை கூடவே வச்சிருக்கேன்" என்று திருப்தியாக உள்ளே போனாள். ரப்பர் கட்டைக் கண்ணால் பார்த்தே எடை சொல்கிறவன் நான். என் கட்டின் எடை எனக்குத் தெரியாதா?

5

எங்கள் சாஸ்தா கோயில் குத்துக்கல்வலசை தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கிறது. மண்டியிலிருந்து பெரிய தராசை வண்டியில் கொண்டுவந்து, மூன்று கட்டை நட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று முப்பது நாற்பது பேர். நான் சட்டையில்லாமல், ஈர வேட்டியோடு பலகைத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வயிறு மடியில் வந்து உட்கார்ந்தது. அதை யாரும் பார்க்காத மாதிரி கையைக் கட்டிக்கொண்டேன்.

அக்கா ஒவ்வொரு உருண்டையாகக் கண்ணில் ஒற்றி எதிர்த் தட்டில் வைத்தாள். ஒவ்வொரு பானையாகக் காலியாயிற்று. கூடுதலாக வைத்திருந்த நாலு உருண்டைகளும் போயின. என் தட்டு தரையை விட்டு அசையவில்லை.

"இன்னும் இருக்காம்மா?" என்று பூசாரி கேட்டார்.

அக்கா பானைகளைக் கவிழ்த்துப் பார்த்தாள். வைக்கோல்தான் விழுந்தது. கூட்டத்தில் யாரோ, "அளந்துதான வச்சாக? இது என்னமோ சகுனத் தடையால்லா இருக்கு" என்றார்கள். அக்காவின் முகம் வெளிறிப்போனது. சட்டென்று தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயா சாஸ்தா, நான்தான் தப்புப் பண்ணுனேன்! தம்பி வந்த அன்னிக்கி வீட்டுல வெல்லம் இல்லாமப் போச்சு. உம்ம பானையில இருந்து ரெண்டு உருண்டை எடுத்துப் பாயசம் வச்சேன். திருப்பி வைக்கணும்னு நெனச்சி மறந்தே போயிட்டேன். உமக்குன்னு வச்சதுல கை வச்சிட்டேனே! என் தம்பிய ஒண்ணும் செஞ்சிராதயும்!"

அத்தான் அவள் தோளைத் தொட்டு, "ஏட்டி, எந்திரி. நான் ஊருக்குள்ள போயி வாங்கியாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார். "நேர்ச்ச முடியாம இறங்கக் கூடாது, அப்படியே இரும்" என்று பூசாரி என்னிடம் சொல்லிவிட்டார்.

அரை மணி நேரம் இருக்கும். நான் தட்டில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றடி தூரத்தில் அக்கா அழுகிறாள். சாமி வெல்லத்தில் கை வைத்தவள் என்று அவளைப் பார்த்துப் பொம்பிளைகள் குசுகுசுக்கிறார்கள். நான் வாயைத் திறந்து, "அக்கா, நான் பதினாறு பவுண்டு கூடிட்டேன், பொய் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாரும் சிரிப்பார்கள், எனக்குக் கொஞ்சம் தலைகுனிவு, விஷயம் முடிந்தது. அத்தானின் கூட்டாளிகள் எதிரே நின்றார்கள். நான் சொல்லவில்லை. வாயைக் கட்டுவது என்று ஊரெல்லாம் பேசினேனே, என் ஆயுளில் உருப்படியாக வாயைக் கட்டியது அந்த அரை மணிதான்.

அத்தான் கொண்டுவந்த வெல்லத்தில் என் தட்டு எழும்பியது. குலவை போட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சன்னிதி முன்னால் நின்று, எல்லாரும் கேட்கவே சொன்னாள்: "இனிமே இந்த நாக்குல வெல்லமோ சீனியோ படாது. இது சத்தியம்."

வீட்டுக்கு வந்ததும் எனக்குக் காபி கொடுத்தாள். என் தம்ளரில் சீனி இருந்தது. தன் தம்ளரில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் வாய் குடித்து முகம் சுளித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

6

திரும்பி வந்தபோது பினாங்குத் துறைமுகத்தில் குடிநுழைவு அதிகாரி என் பாஸ்போர்ட் படத்தையும் என்னையும் மூன்று முறை மாறி மாறிப் பார்த்தார். படம் நான் மெலிந்திருந்தபோது எடுத்தது. கப்பலிலும் சும்மா இருக்கவில்லை, தின்றேன். ஓரமாக பெஞ்சில் உட்காரச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "இது நீதானா?" என்று கேட்டார். "நான்தான் ஐயா" என்றேன். அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ஏழு வருஷத்தில் நாலு முறை இறங்கினேன், ஐந்து முறை ஏறினேன். ஒவ்வொரு தடவையும் தீபாவளியிலோ, யாராவது பிறந்தநாளிலோ, ஒரு கரண்டி பாயசத்தில்தான் தொடங்கும். ஒரு நாள்தானே என்பேன். டீக்கடைக்காரர் இப்போதெல்லாம் பரிதாபப்படுவதில்லை. நான் கோசோங் என்று கேட்டால் சிரித்துக்கொண்டே, "எத்தன நாளைக்கு அண்ணாச்சி?" என்று கேட்கிறார். இந்த வருஷப் படிவத்திலும் டாக்டர் கையெழுத்துப் போடவில்லை.

எனக்கு டாக்டர் இருக்கிறார், படிவம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, உயிர்ப் பயமும் இருக்கிறது. ஆனாலும் முடியவில்லை. அக்காவுக்கு ஒன்றும் இல்லை, தன்னுடையது என்று நினைத்துக்கொண்ட என் தப்பைத் தவிர. பொங்கல், தீபாவளி, மகளின் நிச்சயதார்த்தம், இப்போது கல்யாணம் எல்லாம் போய்விட்டன. ஏழு வருஷமாக அவள் நாக்கில் இனிப்பு படவில்லை. அந்தத் தண்டனை என்னுடையது. அவள் எடுத்துக்கொண்டாள்.

அத்தான், இதைக் கடிதமாகவே எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். பிறகு யோசித்தேன். கடிதம் என்றால் உங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் தலையில் அடித்துக்கொண்டது ஊர் முன்னால். அதனால் ஊர் வாசிக்கிற பத்திரிகைக்கே அனுப்புகிறேன். நான் எழுதுவதையெல்லாம் நீங்கள்தானே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறீர்கள், இதையும் வாசியுங்கள். நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள். அந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரையும் முடிந்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

அக்கா, பாயசத்துக்கு இரண்டு உருண்டை எடுத்த பிறகும் அன்றைக்கு உன் வெல்லம் குறையவில்லை. நான் கூடியிருந்தேன். தெரிந்தே பொய் சொன்னேன், தெரிந்தே தட்டில் உட்கார்ந்தேன், நீ அழும்போது பேசாமல் இருந்தேன். சாஸ்தா முன்னால் நிற்க வேண்டியவன் நான். நானும் இன்று முதல் இனிப்பை விடுகிறேன் என்று எழுதலாம்தான். ஆனால் என் சபதங்களின் எடை எனக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை.

வாசித்து முடித்ததும், அத்தான், பரணிலிருந்து ஒரு உருண்டை வெல்லம் எடுத்து அவள் கையில் வையுங்கள். சாமியிடம் சத்தியம் செய்தது என்று மறுப்பாள். அந்த இரண்டு உருண்டையையும் தின்றவன் அனுப்பினான் என்று சொல்லுங்கள்.